டிஸ்சார்ஜ் ஆனால் கேஸ் முடிந்துவிட்டதா?

"பையனை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க தம்பி, கேஸ் முடிஞ்சுபோச்சு!" கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் நீட்டிய தாளைப் படித்தேன். கேஸ் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்குப் போகலாம். நீதிமன்றத்திலும் வீட்டுக்குப் போகலாம்தான், ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அரசுத் தரப்பு வழக்கை மேற்கொண்டு நடத்தப் போவதில்லை என்று சொன்னால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்கும். நீதிபதி வேறு விதமாக உத்தரவிடாவிட்டால், அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது. இதைத்தான் வழக்கறிஞர்களாகிய நாங்கள் டி.என்.ஏ.ஏ. என்கிறோம், அதாவது குற்றமற்றவர் என்று சொல்லாமல் விடுவிப்பது. அதே குற்றச்சாட்டை நாளைக்கே திரும்பவும் கொண்டுவரலாம். மலாய் இதை அழகாகப் பிரிக்கிறது: வெறுமனே விடுவிப்பது 'லெபாஸ்', குற்றமற்றவர் என்று விடுதலை செய்வது 'பெபாஸ்'. அந்த அம்மாவின் மகன் லெபாஸ் மட்டும்தான். "அப்போ மறுபடி கூப்பிடுவாங்களா?" என்று கேட்டார். கூப்பிடலாம், உத்தரவு நகலைப் பத்திரமாக வையுங்கள் என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

சார்ஜ் என்ற சொல்லிலும் இதே குழப்பம். போலீஸ் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினாலே "சார்ஜ் பண்ணிட்டாங்க" என்று குடும்பமே அழுகிறது. கைது செய்து ரிமாண்டில் வைத்தாலும் அது சார்ஜ் இல்லை. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்து, புரிகிறதா, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பதுதான் சார்ஜ். மலாய் சரியாகப் புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

வீட்டுக் கடன் பத்திரத்தில் வரும் சார்ஜ் வேறு. பேங்க் வசூலிக்கும் கட்டணம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தேசிய நிலச் சட்டப்படி, அது உங்கள் நிலத்தின் மேல் பேங்குக்கு உள்ள பிணை உரிமை. கடன் கட்டாவிட்டால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் வழி அதில் இருக்கிறது.

கடைசித் தவணை கட்டியதும் அது தானாக நீங்காது. 16என் படிவத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்குப் பெயரும் டிஸ்சார்ஜ்தான். அப்பா கடனை அடைத்துப் பல வருடம் ஆகியிருக்கும். அவர் காலமான பிறகு வீட்டைப் பெயர் மாற்ற வரும் பிள்ளைகள் கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இன்னும் பேங்கின் பெயரைப் பார்த்துத் திகைப்பார்கள். உங்கள் வீட்டுக் கடன் முடிந்திருந்தால், கெரானை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.