நாலு மரம்தானே என்று கேட்பவர்களுக்கு

போன வருடம் அக்டோபரில் ஒரு தம்பி போன் செய்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், அதே பெயருள்ள ஆற்றின் கிழக்குக் கரையில், குன்றின் மேல் வீடு வாங்கிக் குடிபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

"அண்ணா, உங்களுக்கு இந்த நில விஷயமெல்லாம் தெரியுமாமே. பின்னாடி நாலு மரம் ஆத்தை மறைக்குது. வெட்ட ஆள் கூப்பிட்டேன். மரத்துல ஏதோ தகடு அடிச்சிருக்கு, நான் தொடமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். என் நிலத்துல நாலு மரம்தானே அண்ணா?"

தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. மரம் வெட்ட வந்தவர் விவரமான ஆள்.

இந்த மாதிரி தகடு அடித்த நிலங்களை வருடத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். நிலங்களை இயற்கையாகவே காக்கும் அமைப்புகளான நில அறக்கட்டளைகளுக்காகச் செய்கிறேன். கையில் வரைபடம், கேமரா, ஜிபிஎஸ். காலில் சாக்ஸுக்குள் செருகிய பேன்ட். லைம் நோய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970களில் அது முதலில் அடையாளம் காணப்பட்டு, பெயரும் பெற்றது இங்கே லைம் என்ற ஊரில்தான். உண்ணி கடித்து வருவது. அதனால் சாக்ஸ் முக்கியம்.

சரி, தகட்டுக்கு வருகிறேன். 'பாதுகாப்பு ஈஸ்மென்ட்' என்ற கட்டுப்பாடு உள்ள நிலம் என்பதற்கான அடையாளம் அது. அப்படியென்றால் என்ன?

ஊரில் காடு கரை வாங்கும்போது பத்திரத்தில் 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று ஒரு வரி வரும். பக்கத்துக் காட்டுக்காரர் நம் நிலத்தின் ஓரமாக நடந்து போகலாம், வண்டி ஓட்டிப் போகலாம். நிலம் நம்முடையதுதான், ஆனால் அந்தப் பாதையை அடைத்து வேலி போட முடியாது. நாளைக்கு நம்மிடம் வாங்குகிறவராலும் முடியாது. சட்டத்தில் இதற்குப் பெயர் ஈஸ்மென்ட். இந்தியாவில் 1882ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

பாதுகாப்பு ஈஸ்மென்ட் என்பது இதையே திருப்பிப் போட்டது. இதில் யாருக்கும் நம் நிலத்தில் வழி கொடுப்பது நோக்கமில்லை. 'இந்தப் பகுதியில் கட்டடம் கட்டமாட்டேன், மனை பிரிக்கமாட்டேன், பட்டுப்போன மரத்தைத் தவிர எதையும் வெட்டமாட்டேன்' என்று சொந்தக்காரர் தன் உரிமையில் ஒரு பகுதியைக் கழித்து, ஒரு அரசு அமைப்புக்கோ நில அறக்கட்டளைக்கோ எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவிடுகிறார். நிலம் அவரிடமே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். கழித்த உரிமை மட்டும் திரும்பி வராது. கனெக்டிகட்டில் 1971 முதல் இதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. இங்கே சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் 'கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன்'. பத்திரத்தில் ஈஸ்மென்ட் என்ற சொல்லைத் தேடிக் கிடைக்காமல் ஏமாந்தவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

ஈஸ்மென்ட் நிலம் என்றால் ஊர்மக்கள் எல்லோரும் வந்து உலாவலாம் என்ற ஒரு பயமும் இருக்கிறது. அப்படி இல்லை. பத்திரத்தில் தனியாக எழுதியிருந்தால்தான் பொதுமக்களுக்கு அனுமதி. பெரும்பாலும் எழுதியிருக்காது.

இந்த ஆற்றங்கரையில் ஏன் இவ்வளவு தகடுகள்? அதற்கு ஆற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடா எல்லைக்குப் பக்கத்தில் பிறந்து சுமார் 660 கிலோமீட்டர் ஓடி லாங் ஐலண்ட் சவுண்டில் கலக்கிறது. இவ்வளவு பெரிய ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய நகரம் எதுவும் கிடையாது. காரணம் மணல்திட்டுகள். இடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்தத் திட்டுகளைத் தாண்டிப் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை, துறைமுகம் வளரவில்லை. சதுப்பு நிலமும் காட்டுக் குன்றுகளும் தப்பிப் பிழைத்தன. விராலடிப்பான் கூடு கட்டுகிறது, குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகு வந்து உட்காருகிறது. 1994ல் இந்தக் கழிமுகச் சதுப்புகள் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. நம் கோடியக்கரையும் பள்ளிக்கரணையும் இருக்கிற அதே பட்டியல்.

1960களில் செனட்டர் ஆபிரகாம் ரிபிகாஃப் ஒரு யோசனையைக் கிளப்பினார்: இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை மத்திய அரசின் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்துவிடலாம். ஆய்வும் நடந்தது. கீழ்ப்பகுதியில் இருந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, கட்டடக்காரர்கள் வந்து குன்றுகளை மொட்டையடித்துவிடுவார்கள். இன்னொன்று, அதைத் தடுக்கிறேன் என்று வாஷிங்டன் வந்து வீட்டையே எடுத்துக்கொள்ளும், பின்னாலேயே சுற்றுலாக் கூட்டமும் வரும். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்டுபிடித்த வழிதான் 1973ல் மாநிலச் சட்டத்தின் மூலம் அமைந்த கனெக்டிகட் ரிவர் கேட்வே கமிஷன். செஸ்டர், டீப் ரிவர், ஈஸ்ட் ஹாடம், எசெக்ஸ், ஹாடம், லைம், ஓல்ட் லைம், ஓல்ட் சேப்ரூக் என்று எட்டு ஊர்கள். ஒவ்வொரு ஊரின் பிரதிநிதிகள், வட்டாரத் திட்டக்குழுவின் ஆட்கள், மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் ஒருவர். அவ்வளவுதான் ஆணையம்.

இந்த ஆணையம் எதைக் காக்கிறது என்பதில்தான் எனக்கு வியப்பு. ஆற்றின் நடுவில் படகில் நின்று பார்த்தால் இரு கரையிலும் கண்ணுக்குப் படுகிற முதல் குன்றுவரிசை வரை உள்ள காட்சி. அதுதான் அவர்களுடைய எல்லை. 1769 முதல் ஓடிக்கொண்டிருக்கும் செஸ்டர்–ஹாட்லைம் படகில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஐந்து நிமிடப் பயணம்கூட இல்லை. குன்றின் மேல் வில்லியம் ஜில்லெட் என்ற நாடக நடிகர் கட்டிய கல்கோட்டை தெரியும். மற்றபடி மரம், மரம், மரம். அந்த மரங்களுக்குப் பின்னால் நிறைய வீடுகள் இருக்கின்றன. தெரியாது, அதுதான் வித்தை.

வித்தைக்கு இரண்டு கருவிகள். முதலாவது ஜோனிங் விதி, அதாவது எந்த இடத்தில் எதை, எவ்வளவு கட்டலாம் என்று ஊர் போடும் விதி. காப்பு மண்டலத்துக்குள் எட்டு ஊர்களில் எந்த ஊர் தன் ஜோனிங் விதியை மாற்றினாலும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கட்டடத்தின் உயரம் 35 அடிக்கு மேல் போகக்கூடாது. 4,000 சதுர அடிக்கு மேல் பெரிய வீடு என்றால் சிறப்பு அனுமதி. ஆனால் விதி என்பது விதிவிலக்கு வாங்கக்கூடியது. உள்ளூர்க் குழுவில் ஆள் மாறினால் காற்றும் மாறும். அதனால்தான் இரண்டாவது கருவி: முக்கியமான நிலங்களில் வளர்ச்சி உரிமையை, அதாவது கட்டவும் மனை பிரிக்கவும் உள்ள உரிமையை, பாதுகாப்பு ஈஸ்மென்ட்டாக வாங்கிவிடுவது, அல்லது தானமாகப் பெறுவது. ஆணையம் தானே வாங்குவதும் உண்டு, உள்ளூர் அறக்கட்டளைகளுக்குப் பணம் கொடுத்து உதவுவதும் உண்டு.

விலை எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். முன்–பின் கணக்கு. கட்டுப்பாடு இல்லாமல் அந்த நிலம் எட்டு லட்சம் டாலர் போகும், எழுதிக் கொடுத்த பிறகு ஐந்து லட்சம்தான் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், ஈஸ்மென்ட்டின் மதிப்பு மூன்று லட்சம். தானமாகக் கொடுத்தால் அந்த மூன்று லட்சத்துக்கு வருமான வரிக் கழிவு கேட்கலாம். ஒரே வருடத்தில் தீராவிட்டால் அடுத்த 15 வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். இந்தக் கழிவை வைத்தே மோசடி செய்தவர்களும் உண்டு. பத்து ரூபாய் நிலத்தை நூறு ரூபாய் என்று மதிப்பிட்டு, பங்கு பங்காக விற்று வரி ஏய்த்தார்கள். 2022 கடைசியில் வந்த சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. 'வரி மிச்சம் பண்ண ஒரு லேண்ட் ஸ்கீம் இருக்கு சார்' என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

அரசே வாங்கிப் போட்டுவிட்டால் போதாதா? போதாது. 2003ல் ஹாடமில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் 17 ஏக்கரை மாநில அரசு விலைக்கு வாங்கியது. 2011ல் அதே நிலத்தைத் தனியாருக்குக் கொடுத்து, பதிலுக்கு உள்ளே தள்ளியிருக்கும் 87 ஏக்கரை வாங்கிக்கொள்ள மாநிலச் சட்டமன்றமே அனுமதித்தது. ஏக்கர் கணக்கில் லாபம்தான், ஆனால் அந்த 87 ஏக்கரிலிருந்து ஆறு தெரியாது. பெரிய சண்டை நடந்து, மதிப்பீட்டுக்குப் பிறகு 2012ல் அந்தப் பரிமாற்றம் நின்றுபோனது. அதன் எதிரொலி 2018ல் கேட்டது: பொது நிலத்தைக் கைமாற்றப் பொது விசாரணையும் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும் என்று மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். அரசு நிலத்தை விற்க அரசு மட்டும் மனம் மாறினால் போதும். ஈஸ்மென்ட்டில் சொந்தக்காரர் ஒருவர், அதை வைத்திருப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனம் மாறுவது அவ்வளவு எளிதல்ல. எனக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் என் அனுபவத்தில், எழுதிக் கொடுத்தவர் மீறுவது அபூர்வம். அவருக்கு அந்த நிலத்தின் மேல் ஆசை இருந்தது, அதனால்தான் எழுதினார். சிக்கல் இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரரிடம் வருகிறது. அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தரகர் 'ஐந்து ஏக்கர், எல்லாம் உங்களுடையது' என்று சொல்லியிருப்பார். ஒருநாள் காலையில் எழுந்து மாடியில் நின்று காபி குடிக்கும்போது ஆறு கொஞ்சம் மறைகிறது என்று தோன்றும். நான் பார்க்கும் மீறல்களில் முதலிடம் இந்தக் காட்சிக்கான வெட்டுத்தான். மரத்தை அடியோடு வெட்டமாட்டார்கள், மேல் கிளைகளை மட்டும் கழிப்பார்கள். அடுத்த வருடம் மரம் பட்டுப்போகும். 'பட்ட மரத்தை வெட்டலாம் என்று பத்திரத்தில் இருக்கிறதே' என்பார்கள்.

அங்கேதான் ஆரம்ப அறிக்கை உதவுகிறது. ஈஸ்மென்ட் எழுதும் நாளில் நிலம் எப்படி இருந்தது என்று வரைபடத்தோடும் படங்களோடும் ஒரு ஆவணம் தயாரித்து இருதரப்பும் கையெழுத்துப் போடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடமும் திசையும் குறித்திருக்கும். வருடா வருடம் அதே இடத்தில், அதே திசையில் நின்று நான் ஒரு படம் எடுக்கிறேன். பழைய படத்தில் இருந்த கிளை புதிய படத்தில் இல்லையென்றால் பேச்சுவார்த்தை தொடங்குகிறது.

பேச்சில் முடியாமல் போனதும் உண்டு. லைமில் 1981ல் ஒரு சொந்தக்காரர் தன் நிலத்தின் பெரும்பகுதியை இயற்கை நிலையிலேயே விடவேண்டும் என்று எழுதி வைத்தார். பின்னால் அந்த நிலத்தை வாங்கியவர் லாரி லாரியாக மேல்மண் கொட்டி, தண்ணீர்க் குழாய் பதித்து, உரம் போட்டு, அதைப் புல்வெளி ஆக்கிவிட்டார். உள்ளூர் அறக்கட்டளை வழக்குப் போட்டது. 2017ல் மாநில உச்ச நீதிமன்றம் மீறல் நடந்தது உண்மைதான் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. நஷ்டஈட்டுத் தொகையை மட்டும் மறுபடி கணக்குப் பார்க்கச் சொன்னது. இந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட நிலத்தில் கைவைத்தால், பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைப் போல ஐந்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. புல் வளர்த்ததற்கா என்று கேட்காதீர்கள். சதுப்புக்குப் பக்கத்தில் அந்தப் புல்லுக்குப் போடும் உரம் நேராகத் தண்ணீருக்குத்தான் போகும்.

ஆகவே ஆற்றங்கரை ஊர்களில் வீடு பார்க்கும் நம்மவர்களுக்கு: ஊரில் வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு சென்ட் வாங்குவோமா? இங்கே மட்டும் ஏன் அந்த ஜாக்கிரதை போய்விடுகிறது? கனெக்டிகட்டில் நில ஆவணங்கள் அந்தந்த ஊரின் டவுன் கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். டைட்டில் அறிக்கையில் வாரிசு, வங்கிக் கடன் பகுதியைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கட்டுப்பாடு என்று ஏதாவது இருந்தால் மூலப் பத்திரத்தையே வரவழைத்து, அதோடு இணைத்த சர்வே வரைபடத்தையும் பாருங்கள். பெரும்பாலும் முழு நிலமும் கட்டுப்பட்டிருக்காது, வீட்டைச் சுற்றி ஒரு பகுதி விட்டிருப்பார்கள். கோடு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அப்புறம், கட்டுப்பாடு உள்ள நிலத்தில் எதற்காவது கட்டட அனுமதி கேட்பதானால், விண்ணப்பத்துக்கு 60 நாள் முன்னால் ஈஸ்மென்ட் வைத்திருப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். இது பல ஒப்பந்தக்காரர்களுக்கே தெரிவதில்லை.

ஈஸ்மென்ட்டால் முடியாததும் நிறைய இருக்கிறது. பள்ளியில் தொட்டியில் வேலம்பாசியைப் போட்டு, புனலைக் கவிழ்த்து, சோதனைக் குழாயில் ஆக்ஸிஜன் குமிழி பார்த்தோமே, அந்த ஹைட்ரில்லாவின் ஒரு தனி வகை 2016 முதல் இந்த ஆற்றில் பரவிக்கொண்டிருக்கிறது. படகுத்துறைகளை அடைக்கிறது. எந்தப் பத்திரமும் அதைத் தடுக்காது. கடல்மட்டம் ஏறுவதால் சதுப்பு மேட்டுப் பக்கம் நகர்கிறது, ஆனால் 1970களில் எழுதிய பத்திரங்கள் சதுப்பு நகரும் என்று நினைக்கவே இல்லை. சில பத்திரங்களில் வர்ணனை பிரமாதமாக இருக்கும், எல்லை மட்டும் தெளிவாக இருக்காது. எழுதிய வக்கீலைத் திட்டிக்கொண்டே முட்புதருக்குள் நடந்திருக்கிறேன்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். நாலு மரமும் கோட்டுக்கு அந்தப்பக்கம். அறக்கட்டளைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒன்று உண்மையிலேயே பட்டுப்போயிருந்தது, அதை எடுக்க எழுத்தில் அனுமதி கொடுத்தார்கள். மற்ற மூன்றும் நிற்கின்றன. தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது. அவர் மனைவிக்கு வேறு கவலை.

"அண்ணா, அந்தப் பத்திரத்துல 'ஸ்ட்ரக்சர்' கட்டக்கூடாதுன்னு போட்டிருக்கே. பாகற்காய்ப் பந்தல் போட்டா அது ஸ்ட்ரக்சரா?"

இத்தனை வருடத் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி. பழைய கல்சுவர் ஒன்று கோட்டை ஒட்டியே ஓடுகிறது. சுவருக்கு இந்தப்பக்கம் போட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்தப்பக்கம் போட்டால் நான் படமெடுக்க வேண்டியிருக்கும் என்றேன். மே மாதம் பந்தல் எழும்பியது, சுவரிலிருந்து நாலடி தள்ளி, இந்தப்பக்கம்.