‘பேப்பர் சன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ரத்த உறவில்லாத ஒருவரின் மகனாகக் குடியேற்ற ஆவணத்தில் மட்டும் பதிவாகி அமெரிக்காவுக்குள் வந்த சீனர்தான் ‘பேப்பர் சன்’. தென்சீன மொழியான கான்டனீஸில் ‘ஜீ ஜாய்’. ஜீ காகிதம், ஜாய் பையன்.

1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. வணிகர், மாணவர் போன்ற சிலருக்கே அனுமதி. ஆனால் அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை சீனாவில் பிறந்திருந்தாலும் உள்ளே வரலாம். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. ‘நான் இங்கேதான் பிறந்தேன்’ என்றவரை மறுக்க ஏடு இல்லை. அப்படிக் குடிமகனானவர் சீனா போய்த் திரும்பும்போது, அங்கே தனக்கு ஒரு மகன் பிறந்ததாகச் சொல்லிவைப்பார். இல்லாத அந்த மகனின் இடம், பின்னாளில் வயது ஒத்துவரும் ஒரு பையனுக்கு விற்கப்படும்.

வாங்கியவன் கையில், அந்தக் குடும்பத்தையும் வீட்டையும் ஊரையும் பற்றிய விவரங்கள் எழுதிய ஒரு குறிப்பேடும் வரும். கப்பலிலேயே மனப்பாடம் செய்துவிட்டுக் கடலில் எறிந்துவிட வேண்டும். 1910 முதல் 1940 வரை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் விசாரணை நடந்தது. வீட்டு வாசலுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? மூன்றாம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ‘அப்பா’வைத் தனியே கேட்டு, இரண்டு பதில்களையும் ஒப்பிடுவார்கள். பிசகினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதில் கொடுமை, சொந்த மகனும் படியை எண்ணிப் பார்த்திருக்கமாட்டான் என்பதுதான். அதனால் உண்மையான பிள்ளைகளும் குறிப்பேட்டைப் படிக்க வேண்டியதாயிற்று.

1943இல் சட்டம் நீங்கியது. ஆனாலும் சீனர்களுக்கான ஆண்டு ஒதுக்கீடு 105 பேர்தான். 1956இல், பொய்யான பெயரில் வந்ததை ஒப்புக்கொள்பவர் சட்டப்படித் தங்க வழிதரும் ஒப்புதல் திட்டம் வந்தது. ஆனால் ஒருவர் உண்மையைச் சொன்னால், அதே காகிதக் குடும்பத்தில் இருந்த அத்தனை பேரும் வெளிப்பட்டுவிடுவார்கள். பலர் கடைசிவரை வாய் திறக்காததற்கு இதுவே காரணம்.

இனி, தமிழ்ச் சொல். ‘தத்துப்பிள்ளை’ பொருந்தாது, தத்து சட்டப்படியான உறவு. ‘போலி மகன்’ அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காயை நினைத்து ‘ஏட்டு மகன்’ என்றால், போலீஸ் ஏட்டின் மகன் என்றே படிப்பார்கள். ‘காகிதப்பிள்ளை’ என்பதே சரி. வளர்ப்புப்பிள்ளை போலவே அமைந்த சொல். இப்படி வந்த பெண்களும் உண்டு, அவர்களையும் ‘பிள்ளை’ சேர்த்துக்கொள்ளும். இதையொட்டியே காகிதத் தந்தை, காகிதப் பெயர் என்றும் எழுதலாம். அந்தப் பெயர் பேரப்பிள்ளைகள்வரை தொடர்ந்தது. சில கல்லறைகளில் ஆங்கில எழுத்தில் காகிதப் பெயரும், பக்கத்திலேயே சீன எழுத்தில் சொந்தக் குடும்பப் பெயரும் பொறித்திருக்கும்.