டிஷ் மாட்டுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அங்கே. மகனுக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. மாதத்தில் பத்து நாளாவது மலையிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு பெற்றவர்களோடு இருக்கலாம் என்று ஆசைப்பட்டு, வீட்டு மாடியில் செயற்கைக்கோள் இணைய டிஷ் ஒன்றை மாட்டினார். இரண்டாவது மாதமே எனக்கு போன் வந்தது.

"அண்ணா, ஸ்பீடு டெஸ்ட் போட்டா பத்து எம்பி காட்டுது. ஆனா ஆபீஸ் கால்ல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்தவங்க பேசிடுறாங்க. ஆபீஸ் ஃபைல் ஒண்ணு இறங்க அரை மணி நேரம் ஆகுது. டிஷ்ல எதுவும் கோளாறா?"

டிஷ்ஷில் எந்தக் கோளாறும் இல்லை. அது செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அவருடைய வேலைக்கு அது ஒத்துவரவில்லை, அதை வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான் பதினேழு வருடமாக பெங்களூரில் வீசாட் (சின்ன டிஷ் வழியாகச் செயற்கைக்கோளோடு இணைக்கும் கருவி) வேலை செய்கிறேன். டவர் எட்டாத இடங்களில் இருக்கும் ஏடிஎம், பெட்ரோல் பங்க், காப்பி எஸ்டேட் ஆபீஸ் இவற்றுக்கு டிஷ் வைத்து இணைப்புக் கொடுப்பது என் தொழில். குடியிருப்பது அல்சூரில். அக்கம்பக்கத்தில் திருப்பத்தூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. கொரோனாவுக்குப் பிறகு, "ஊர் வீட்டுக்கு ஒரு டிஷ் வைக்கணும்" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை எம்பி வரும்?"

அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். நம் நாட்டில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இதுவரை வந்த சேவைகள் பெரும்பாலும் புவிநிலைச் செயற்கைக்கோள்களை, அதாவது தரையிலிருந்து பார்த்தால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பவற்றை, நம்பியவை. அவை பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நாம் அனுப்பும் சிக்னல் மேலே போய்க் கீழே இறங்கினால் 71,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குக் கால் நொடி ஆகிறது. பதில் அதே வழியில் திரும்ப இன்னொரு கால் நொடி. நடுவில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.6 நொடி. இதில் பயணத்துக்கு ஆகும் அரை நொடியைக் குறைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது, எவ்வளவு பணம் கட்டினாலும் முடியாது. தூரம் அவ்வளவு.

யூடியூப் பார்க்க இந்த அரை நொடி ஒரு பொருட்டே இல்லை. பணம் அனுப்ப, பத்திரிகை படிக்க, பட்டா பார்க்க, பிள்ளைகளுக்குப் பாட வீடியோ போட்டுக்காட்ட எல்லாம் போதும். நாலு பேர் சேர்ந்து பேசும் ஆபீஸ் காலில்தான் சிக்கல். நீங்கள் பேசி முடித்தது அவர்களுக்குத் தெரிவதற்குள் அவர்கள் அடுத்ததை ஆரம்பித்திருப்பார்கள். குறுக்கே பேசுகிறவர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும்.

அந்தத் தம்பியின் ஃபைல் பிரச்சினை இதைவிட நுணுக்கமானது. ஐடி துறையில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் தகவல் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கொஞ்சம் அனுப்பி, "வந்து சேர்ந்தது" என்ற பதில் வந்த பிறகே அடுத்தது. 64 கிலோபைட் அனுப்பிவிட்டு 0.6 நொடி காத்திருந்தால், இணைப்பு பத்து எம்பி, அதாவது நொடிக்குப் பத்து மெகாபிட், என்றாலும் கைக்கு வருவது நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் கீழேதான். இதைச் சமாளிக்க செயற்கைக்கோள் மோடம் ஒரு வழி வைத்திருக்கிறது. தூரத்துப் பதிலுக்குக் காத்திராமல் இங்கேயே "வந்துவிட்டது" என்று பதில் கொடுத்து வேகத்தைத் தக்கவைக்கும். ஆனால் அதற்கு உள்ளே போவது என்னவென்று மோடத்துக்குத் தெரிய வேண்டும். ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் சர்வரோடு ரகசியமாகப் பேசவைக்கும் மென்பொருள்) போட்டுவிட்டால் எல்லாமே பூட்டிய பெட்டிக்குள் போகிறது. மோடம் உதவ முடியாமல் சும்மா நிற்கிறது. ஸ்பீடு டெஸ்டில் பத்து எம்பி, ஆபீஸ் வேலையில் ஆமை வேகம் என்பது இப்படித்தான்.

அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஆபீஸ் சர்வருக்குப் போவது மட்டும் விபிஎன் வழியாகவும் மற்றது நேராகவும் போகும்படி ஐடி பிரிவில் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஃபைல்களை பெங்களூரிலேயே லேப்டாப்பில் இறக்கிவிட்டு மலைக்குப் போங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கால் பிரச்சினை தீரவில்லை, தீரவும் தீராது.

அப்புறம் டேட்டா. இணையம் கொடுக்கும் புவிநிலைச் செயற்கைக்கோளான இஸ்ரோவின் ஜிசாட்-11, 2018 டிசம்பர் 5-ஆம் தேதி விண்ணுக்குப் போனது. 5,854 கிலோ எடை. அதன் மொத்தத் திறனே நொடிக்கு 16 ஜிகாபிட் அளவுதான், அது 32 கற்றைகளாக நாட்டின் நிலப்பரப்பிலும் தீவுகளிலும் பிரிந்து விழுகிறது. மண்ணுக்குள் போகும் ஒரு ஃபைபர் கேபிள் இதைப்போலப் பல மடங்கு சுமக்கும். செயற்கைக்கோள் இணையத்தில் டேட்டாவுக்கு வரம்பு வைப்பதும், வரம்பு தாண்டியதும் வேகத்தை இறக்குவதும் இதனால்தான். தசரா லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து மூன்றே நாளில் மாத டேட்டாவைத் தீர்த்துவிட்டுப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைத் திட்டாதீர்கள். போனில் புகைப்பட பேக்கப், லேப்டாப்பில் தானியங்கி அப்டேட், யூடியூபில் தானாக ஓடும் அடுத்த வீடியோ, இந்த மூன்றையும் நிறுத்தி வையுங்கள். டேட்டாவைத் தின்பவை பெரும்பாலும் யாரும் பார்க்காமல் ஓடுகிறவைதான்.

மழையைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். டிஷ்ஷுக்கு வந்துபோகும் ரேடியோ அலைகளின் நீளம் ஒன்றிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர், அதனால் கனமழைத் துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் வெயில் காயும்போதும் இணைப்பு போகலாம். சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் ஹப் நிலையம் வேறு ஊரில் இருக்கிறது, அங்கே பேய்மழை கொட்டினால் இங்கேயும் உணரலாம். இன்னொன்று, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள் பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குச் சில நிமிடம் இணைப்பு அறுந்துபோகும். அந்த நாட்களில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடுகிறது. கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானே வரும். ஒரு டிகிரி நகர்ந்தாலே சிக்னல் பாழ், அப்புறம் ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும்.

தென்னிந்தியாவில் நமக்கு ஒரு வசதி உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் கிட்டத்தட்ட வானத்து உச்சியைப் பார்க்கும். ஜவ்வாது மலையிலிருந்து ஜிசாட்-11 நிற்கும் திசை, தெற்கே கொஞ்சம் மேற்காக, 74 டிகிரி உயரத்தில். அடுத்த வீட்டுச் சுவர், பக்கத்து மேடு எதுவும் மறைக்காது. மேலே கவிந்து வளரும் பலாக்கிளையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, பெங்களூரு கோரமங்களாவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துவது. டிஷ் மாட்டப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போவேன், ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

புதிதாகப் பேசப்படும் தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் வேறு வகை. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நடத்தும் ஸ்டார்லிங்க்கின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரிலோ அதற்கும் கீழேயோ ஓடுகின்றன. தாமதம் பல இடங்களில் 0.05 நொடிக்கும் கீழே, ஆபீஸ் காலுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அவை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒன்று கடந்துபோக அடுத்ததை டிஷ் பிடிக்க வேண்டும், அதற்கு வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு என்றால், நிமிடத்துக்கு நிமிடம் விட்டுவிட்டு வரும் இணைப்புதான் கிடைக்கும். தோப்புக்காரர்கள் வெட்டவெளியில் கம்பம் நட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவுக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் டிஷ்ஷை இங்கே மாட்டாதீர்கள். உரிமம் இல்லாத செயற்கைக்கோள் கருவியை வைத்திருப்பதே குற்றம், செயற்கைக்கோள் போனோடு வந்து கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. 2021 நவம்பரில், உரிமம் பெறாத ஸ்டார்லிங்க் சேவைக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று தொலைத்தொடர்புத் துறையே மக்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அந்த நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது 2025 ஜூனில், விண்வெளிச் சேவைகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி அடுத்த மாதம். எந்த நிறுவனமாக இருந்தாலும், உங்கள் முகவரிக்குச் சேவை உண்டு என்று அதன் சொந்தத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "முன்பதிவு" லிங்க்கை நம்பிப் பணம் போட்டுவிட்டு என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு, சைபர் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்ணைக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கரண்டைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 75 வாட் இழுக்கும் ஒரு செட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுத்து வந்தார்கள், இல்லையா? அந்த 100 யூனிட் முழுவதையும் டிஷ் ஒன்றே சாப்பிட்டுவிடும். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி என்று இதுவரை பில்லே கட்டாத வீட்டுக்கு இது பெரிய விஷயம். ராத்திரி எட்டு மணி நேரம் அணைத்து வைத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். மலையில் வோல்டேஜ் இறங்கி ஏறும், அதனால் ஸ்டெபிலைசர் வேண்டும். டிஷ் கம்பத்துக்குத் தனி எர்த்திங் வேண்டும். ஐப்பசி இடிமழைக்கு ஒயரைக் கழற்றி வைக்க வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எர்த்திங் போடாமல் விட்ட ஒரு வீட்டில் மின்னல் அடித்து மோடம், டிவி இரண்டும் கருகியதை நான் நேரில் பார்த்தேன். நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதையெல்லாம் சொன்னதும், "அப்போ டிஷ் வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரை நான் டிஷ் இல்லாமல்தான் அனுப்புகிறேன். வேறு வழியே இல்லாத ஊருக்குத்தான் இது வரம். முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் ஃபைபர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் (மத்திய அரசின் கிராம இணையத் திட்டம்) ஃபைபர் கொண்டுபோகும் வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் இருக்கிறது. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கும் மேட்டுக்கும் போய் எல்லா கம்பெனி சிம்மையும் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் ஒரு புள்ளிகூட இல்லாத இடத்தில், இருபது அடி ஜிஐ பைப்பில் வெளிப்புற ஆன்டெனாவைக் கட்டி, எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரைப் பிடித்து, சிம் போடும் 4ஜி ரவுட்டரில் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். செலவும் குறைவு, தாமதமும் குறைவு. இது இரண்டும் இல்லையென்றால் டிஷ் வைக்கலாம், நிம்மதியாக வைக்கலாம்.

ஆனால் வைப்பதற்கு முன், அந்த வீட்டில் தங்கப்போகிறவரிடம் பேசுங்கள். பணம் கட்டுகிறவர் பெங்களூரில் இருக்கிறார். மழை நின்ற பிறகு மோடத்தை அணைத்துப் போடப்போகிறவர், குரங்கு கம்பத்தை ஆட்டும்போது விரட்டப்போகிறவர் அம்மா. ஜவ்வாது மலை வீட்டில் நான் போய்ப் பார்த்தபோது மோடம் அலமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதில் என்ன விளக்கு எரிகிறது என்று அந்த அம்மாவால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இணைப்பு போனால் மகனுக்குச் சொல்லவும் வழி இல்லை, ஏனென்றால் வீட்டில் இருந்த ஒரே போன் அந்த வைஃபையில்தான் பேசியது. நான் மோடத்தை ஜன்னல் ஓரத்தில் கண் மட்டத்துக்கு இறக்கினேன். மூன்றாவது விளக்குக்குப் பக்கத்தில் அவர் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார், பச்சையாக எரிய வேண்டியது அதுதான் என்று. மேட்டுப் பாறைக்குப் போனால் பிடிக்கிற சிம் ஒன்றைத் தனி போனில் போட்டு, என் நம்பரையும் மகன் நம்பரையும் அதில் முதல் இரண்டாக வைத்தோம். உடம்புக்கு ஏதாவது என்றால் டிஷ்ஷை நம்பி உட்காராமல் அந்த போனோடு யாரையாவது பாறைக்கு அனுப்பச் சொன்னேன்.

போன மாதம் அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, பொட்டு வச்ச லைட்டு நேத்துலேருந்து செவப்பா எரியுது. மழை ஒண்ணும் இல்ல. கரண்டு இருக்குது. ஒயரும் கழண்டு இல்ல, பார்த்துட்டேன். டிஷ்ஷு நடுவுல நீட்டிக்கிட்டு இருக்குதே மூக்கு மாதிரி, அதுல குளவி மண்ணு வச்சிக் கூடு கட்டியிருக்குது. இவரு ஏணி போட்டுச் சுரண்டட்டுமான்னு கேக்கறாரு."

"அவரை ஏற விடாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை காலைல நான் வந்துடுறேன்."

"சரி தம்பி. சாப்பிடாம வா, களி கிண்டி வைக்கிறேன்."