வரைபடம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பு

நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வெளியானதும், தங்கள் வீடோ மனையோ எந்த நிறத்தில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். மஞ்சள் குடியிருப்பு, ஊதா தொழில், பச்சை திறந்தவெளி. தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஒரு வரைபடத்துக்கு முன்னால் மூன்றோ நான்கோ வரைபடங்கள் மேசைமேல் இருந்திருக்க வேண்டும். அவை எங்கே, இது மட்டும் எப்படித் தேறியது என்று கேட்டவர்களை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாற்றுத் திட்டம் என்பது வேறொன்றும் இல்லை. அதே மக்கள்தொகையை, அதே வேலைவாய்ப்பை வேறு விதமாக அமர்த்திப் பார்ப்பதுதான். இன்னும் ஒரு லட்சம் பேர் வரப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 50 பேர் என்று பரப்பினால் 2,000 ஹெக்டேர் வேண்டும். 150 பேர் என்றால் 670 ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். மிஞ்சுகிற நிலம் விளைநிலமாகவோ காடாகவோ தொடரலாம். அதற்கு ஈடாக நெருக்கமும், பழைய குடியிருப்புகளின் சாலை, வடிகால் மேல் விழும் பாரமும் கூடும். சரி, ஒரு திட்டத்தில் ஒரு லட்சம் பேர், இன்னொன்றில் எண்பதாயிரம் பேர் என்று கணக்கிட்டிருந்தால்? அந்த ஒப்பீடே செல்லாது. முதலில் இதைச் சரிபாருங்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1990-களின் இறுதியில் ‘என்விஷன் யூட்டா’ என்ற அமைப்பு இந்த ஒப்பீட்டை மக்கள் முன்னிலையிலேயே நடத்தியது. மக்கள்தொகை இன்னும் பத்து லட்சம் கூடினால் எங்கே அமர்த்துவது என்று ஏ, பி, சி, டி என நான்கு திட்டங்களை வைத்தார்கள். மிகவும் பரந்து விரிந்த ஏ-க்குப் புதிதாக 409 சதுர மைல் தேவைப்பட்டது. மிக நெருக்கமான டி-க்கு 85, சி-க்கு 126. இதில் கவனிக்க வேண்டியது, அடிப்படை வசதிச் செலவு டி-யைவிட சி-யில் சற்றுக் குறைவு. நெருக்கம் கூடக் கூடச் செலவு குறைந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை ஒரு கட்டத்துக்கு மேல் நிற்கவில்லை. மக்களின் ஆதரவும் சி-க்குத்தான் அதிகமாகக் கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் மூன்று வரைவுகள் தயாரித்தோம். ஒன்று யாராலும் கட்டி முடிக்க இயலாத அளவுக்குப் பெரியது. ஒன்று யாருமே ஏற்காத அளவுக்குச் சுருங்கியது. நடுவில் இருந்தது முன்பே முடிவானது. அந்த இரண்டு ஒப்புக்கு வரைவுகளையும் வரைந்ததில் என் கையும் உண்டு. இன்றும் அது உறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் கொண்டுவந்த சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதி, நியாயமான மாற்றுகளை ஆராய வேண்டும், திட்டமே இல்லாவிட்டால் நிலைமை எப்படிப் போகும் என்பதையும் எழுத வேண்டும் என்கிறது. ‘போகிற போக்கில் விட்டால்’ என்ற அந்த வரைவு இல்லாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

அடுத்தது, திட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிடும் அட்டவணை. மக்கள் பங்கு அதிகம் தேவைப்படுகிற இடம் இதுதான். முதல் திட்டத்துக்குப் பத்துக்குச் செலவில் 8 (செலவு குறைந்தால் மதிப்பெண் கூடும்), நிலப் பாதுகாப்பில் 4 என்று வையுங்கள். இரண்டாவதற்குச் செலவில் 5, நிலப் பாதுகாப்பில் 8. செலவுக்கு 60 சதவீதம், நிலத்துக்கு 40 சதவீதம் முக்கியத்துவம் கொடுத்தால் முதல் திட்டம் 6.4, இரண்டாவது 6.2. அதையே பாதிக்குப் பாதி ஆக்கினால் 6-க்கு 6.5 என்று இரண்டாவது முந்திவிடும். நிலத்தில் எதுவும் மாறவில்லை, மதிப்பெண்ணும் மாறவில்லை, சதவீதம்தான் மாறியது. அந்தச் சதவீதத்தைக் கணினி தீர்மானிப்பதில்லை. ஓர் அறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். பயண நேரம், எரிபொருள், வாகனப் புகை என்று மூன்று வரிசை போட்டு, ஒரே விஷயத்தை மூன்று முறை எண்ணிவிடுகிற தவறும் அடிக்கடி நடக்கும்.

கூட்டுத்தொகை இன்னொன்றையும் மறைக்கும்: லாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதை. பிரிட்டிஷ் திட்டமிடல் நிபுணர் நத்தானியல் லிச்ஃபீல்ட் 1950-களிலேயே, ஒவ்வொரு தரப்புக்கும் வரவு செலவைத் தனித்தனியாக எழுதும் முறையை முன்வைத்தார். நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் உடைமையாளருக்கு வரவு, வாடகைக்கு இருப்பவருக்குச் செலவு. இரண்டையும் கூட்டி ஒற்றை எண்ணாகக் காட்டினால் வாடகைக்காரர் காணாமல் போய்விடுகிறார்.

ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு முதியவர் மஞ்சள் பகுதியில் விரலை வைத்து, “மழைக்காலத்துல இங்க வாரக்கணக்கில் தண்ணி நிக்குமே” என்றார். எங்கள் தரவில் அது இல்லை. நேரில் போய்ப் பார்த்தோம், அவர் சொன்னது உண்மைதான். இரண்டு திட்டங்களின் வரிசையே மாறியது.

அப்புறம், கடைசியில் தேர்வாவது பெரும்பாலும் கலவைத் திட்டமாகத்தான் இருக்கும். ஒன்றின் சாலை, இன்னொன்றின் பசுமைப் பகுதி, மூன்றாவதன் தொழிற்பேட்டை என்று சேர்த்து ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு அந்தக் கலவையை அதே அட்டவணையில் வைத்து மறுபடி மதிப்பிட வேண்டும். அவசரத்தில் அதுதான் விட்டுப்போகிறது. தொழிற்பேட்டையிலிருந்து வரும் கனரக வண்டிகளுக்கு அந்தச் சாலை போதுமா என்று யாரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். ஆட்சேபம் தெரிவிக்கும் காலம் முடிவதற்குள் இறுதி வரைவின் மதிப்பெண் தாளையும், அதில் போட்ட சதவீதங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.