ஆர்க்கைவ்: ஆவணமா, காப்பா?

குடும்பத்துப் பழைய ஒளிப்படங்களை எடுத்துவைத்து அவற்றிலிருந்து புதிய கலைப்படைப்புகளை ஆக்கும் ஒளிப்படக் கலைஞர்கள், அந்தப் படத்திரளை 'பேமிலி ஆர்க்கைவ்' என்கிறார்கள். தமிழில் எழுதும்போது இது பெரும்பாலும் 'குடும்ப ஆவணக் காப்பகம்' ஆகிவிடுகிறது. 1909-இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கி இன்று எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக நிற்கும் அரசு நிறுவனத்துக்கு நன்கு பொருந்தும் அந்தப் பெயர், பீரோவின் மேல்தட்டில் கிடக்கும் டிரங்குப் பெட்டிக்கும் பொருந்துமா என்பதை, சொல்லின் வேர்வரை சென்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிரேக்கத்தில் 'ஆர்க்கே' என்றால் தொடக்கம். ஆட்சி என்றும் பொருள். தமிழின் 'முதல்' தொடக்கத்தையும் முதன்மையையும் ஒருசேரக் குறிப்பதைப் போன்றதே இது. ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் 'ஆர்க்கோன்'. அத்தகையோரின் அலுவலகம் 'ஆர்க்கையோன்'. ஊரின் எழுத்துகள் அங்கே வைக்கப்பட்டதால், இடத்தின் பெயர் அங்கிருந்த பொருள்களுக்கும் ஆகி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே இந்தச் சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் உண்டு: வைத்திருக்கும் இடம், வைக்கப்பட்ட பொருள், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம். மூன்றாவது வீட்டுக்கும் உண்டு என்பதை, யாரோ ஒருவருடைய முகம் மட்டும் கத்தரித்து எடுக்கப்பட்ட கல்யாணப் படத்தைக் கண்டவர்கள் அறிவார்கள்.

'ஆவணம்' சங்கப் பாடல்களில் கடைத்தெருவைக் குறிக்கும். 'மல்லல் ஆவணம்' என்பது அகநானூறு 122. ஆனால் அதே நூலின் 77-ஆம் பாடலில் வரும் 'ஆவண மாக்கள்', கயிற்றால் பிணித்த குடத்தின் மேலிட்ட பொறியைக் கண்டு, அதை அழித்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள். சோழர் காலத்தில் நில விற்பனை எழுத்துகள் நிறைவேறிய இடம் 'ஆவணக்களரி' எனப்பட்டது. கடைத்தெருப் பொருள் பின்தங்கி, உரிமையை நாட்டும் எழுத்து என்ற பொருளே நிலைத்தது. இன்றும் ஆவணம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது பத்திரமும் முத்திரையும் சாட்சிக் கையெழுத்தும்தான்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை நான் இந்தக் கேள்வியோடு மீண்டும் படித்தபோது, எனக்கு வேண்டிய சொல் அங்கேயே இருந்தது. நம்பியாரூரரின், அதாவது சுந்தரரின், பாட்டன் தனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலையை, மணப்பந்தலுக்கே கொண்டுவருகிறார் முதியவர் ஒருவர். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்று அவையோர் கேட்க, கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் உள்ளது என்கிறார் முதியவர். ஒளிப்படம் அறிந்தவருக்கு இது உடனே விளங்கும்: அச்சிட்ட படம் படியோலை, நெகட்டிவ் மூல ஓலை. மூல ஓலை வந்தபிறகும் அவையோர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அதே பாட்டன் கையால் எழுதிய வேறோர் ஓலையை 'அரண்தரு காப்பில்' இருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்பே முடிவுக்கு வருகிறார்கள். ஆர்க்கைவ் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழந்தமிழ் வழக்கு எனக்குத் தெரியவில்லை. ஓலை ஆவணம், அது பத்திரமாக இருந்த இடம் காப்பு.

பாட்டனின் கைப்பட்டவை பேரனிடம் வந்துசேர்வதற்கு ஒளிப்படக் கலையிலும் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954), பல பத்தாண்டுகளாகத் தம்மையும் தம் குடும்பத்தையும் புடாபெஸ்ட், சிம்லா, பாரிஸ் என்று வாழ்ந்த ஊர்களிலெல்லாம் படமெடுத்தவர். அவருடைய இளைய மகள் இந்திராவின் மகன் விவான் சுந்தரம் பிறந்தது 1943-இல். பெரியம்மா அம்ரிதா 28 வயதில் லாகூரில் இறந்தது 1941-இல். தாம் ஒருநாளும் நேரில் கண்டிராத பெரியம்மாவை விவான் கண்டது ஓவியங்களிலும் தாத்தாவின் படங்களிலும்தான். 1995-இல் 'ஷெர்கில் ஆர்க்கைவ்' என்று சொல்லையே தலைப்பாக்கி ஒரு நிர்மாணக் கலைப்படைப்பை (இன்ஸ்டலேஷன்) செய்தார். 2001-இல் தொடங்கி 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்ற வரிசையில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில் எடுத்த படங்களைக் கணினியில் இழைத்து ஒரே சட்டகத்துக்குள் சேர்த்தார். வெவ்வேறு வயதுகளின் அம்ரிதா ஒரே அறையில் அருகருகே இருக்க முடிந்தது. பழைய படம் எதுவும் அழியவில்லை. அதன் மேல் இன்னொரு காலம் ஏறியது.

இப்படிப்பட்ட படைப்பை 'ஆவணத்திலிருந்து ஆக்கியது' என்றால் பாதிதான் சரி. ஆவணம் மெய்ப்பிக்க வேண்டியது. இங்கே கலைஞர் எதையும் மெய்ப்பிக்கவில்லை. 'ஆல்பம்' வேறு: ஒருவர் தேர்ந்து, வரிசைப்படுத்தி, கறுப்புத் தாளில் மூலை ஒட்டி, இடையில் பட்டர் பேப்பர் வைத்து முடித்துவிட்ட தொகுதி அது. ஆல்பத்தில் இடம்பெறாதவைதான் பெரும்பாலும் கலைஞருக்கு வேண்டியவை. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், ஆட்டம் கண்டதால் ஒதுக்கப்பட்ட ஒரு படம் உண்டு. பாட்டியின் கை மட்டும் தெளிவாக, முகம் கலங்கி, ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருக்கும். பின்புறம் பென்சிலில் 'சரியில்லை' என்று எழுதியிருக்கிறது. ஆல்பம் அதைத் தள்ளிவிட்டது, பெட்டி வைத்துக்கொண்டது.

ஆகவே என் பரிந்துரை 'படக்காப்பு'. குடும்பத்தைச் சேர்த்துச் சொல்ல 'குடும்பப் படக்காப்பு'. காப்பகம் என்னும்போது அலுவலகமும் அலுவலரும் வந்துவிடுகிறார்கள். காப்பு வீட்டுச் சொல். குழந்தைக்குப் பூட்டுவதும் காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு. கோயிலில் சந்தனக் காப்பு, வெண்ணெய்க் காப்பு என்று மூலவர் திருமேனியின் மேல் சாத்துவதும் காப்புதான். அன்று காணும் முகம் புதியது. உள்ளிருக்கும் கல் பழையது. காப்பைக் களைந்தால் அது அப்படியே இருக்கும். பேணிவைப்பதையும் அதன்மேல் புதிதாகச் சாத்துவதையும் ஒரே சொல் தாங்குகிறது என்பதே நான் இதை விரும்பும் காரணம். பழைய படங்களை எடுத்துப் புதுப்படைப்பு ஆக்கும் செயலை 'மீளெடுப்பு' எனலாம். வாக்கியத்தில் ஆளும்போது இப்படி அமையும்: 'உம்ராவ் சிங்கின் படக்காப்பிலிருந்து பேரன் செய்த மீளெடுப்பு'. அரசின் எழுத்துகள் இருக்கும் இடத்துக்கு ஆவணக் காப்பகம் என்ற பெயரே தொடரட்டும்.