வாத்தியார் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்

கல்வி உரிமைச் சட்டம் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இடம்தான். சீசன் வந்தால் "ஆர்டிஈல போட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். அது அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வரும் ஒரு உட்பிரிவு, அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு அதே சட்டம் என்ன தருகிறது, எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், அவரை வேறு எந்த வேலைக்கு இழுக்கலாம், எதற்கு இழுக்கக் கூடாது என்பதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு வருடம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே இது தெரிய வந்தது. தெரிந்ததை எழுதிவைக்கிறேன், உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் பயன்படும்.

முதலில் அடிப்படை. 2002-ல் அரசியல் சாசனத்தின் 86-ஆவது திருத்தம் வழியாக 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமையானது. அதைச் செயல்படுத்துகிற சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை பொருந்தும். பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இன்னும் வரவில்லை, பள்ளி திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்று எதைச் சொல்லியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. நுழைவுத் தேர்வு, நன்கொடை கூடாது. அடிக்கவும் கூடாது, மனதைப் புண்படுத்தவும் கூடாது. சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஆசிரியர் கணக்குக்கு வருவோம். சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால் ஐந்து ஆசிரியரோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். 200-க்கு மேல் போனால், தலைமை ஆசிரியரைக் கணக்கில் சேர்க்காமல், 40 பிள்ளைக்கு ஓர் ஆசிரியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

படிக்கும்போது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் முதல் வரியை இன்னொரு தடவை பாருங்கள். 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், வகுப்போ ஐந்து! நம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஏராளமானவை இப்படி ஈராசிரியர் பள்ளிதான். ஒருவருக்கு ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு, இன்னொருவருக்கு நான்கும் ஐந்தும். அந்த இன்னொருவர்தான் தலைமை ஆசிரியரும், ஏனென்றால் 150-க்குக் கீழே உள்ள பள்ளிக்குத் தனி தலைமை ஆசிரியரைச் சட்டம் கேட்கவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் போக வேண்டியவர் அவர், வங்கிக்குப் போக வேண்டியவர் அவர், கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டியவரும் அவர்.

ஒரு நாள் காலை மகளை விட்டுவிட்டு ஜன்னலோரமாக நின்று பார்த்தேன். கரும்பலகையின் குறுக்கே சாக்பீஸால் மேலிருந்து கீழே ஒரு கோடு. இடது பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு, வலது பக்கம் இரண்டாம் வகுப்புக்கு உயிர்மெய் எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மூன்றாம் வகுப்புப் பக்கம் திரும்பினால் ஒன்றாம் வகுப்பில் கொட்டை பறக்கிறது, இந்தப் பக்கம் திரும்பினால் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் ஒரு பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடையில் கையில் போன், வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், நெட் கிடைக்காமல் வாசலுக்கு வந்து நின்றார். அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. ஆனாலும் மூன்று நிலைக்கும் சேர்த்து ஒரு டீச்சர்தானே இருக்கிறார்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு வருடத்தில் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று அதே அட்டவணை சொல்கிறது. நாளுக்கு 4 மணி நேரம், 240 நிமிடம். ஒரு டீச்சர் மூன்று வகுப்பைப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு நேராக அவர் முகம் காட்டுவது 80 நிமிடம். கூட வேலை பார்க்கிறவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில், வகுப்புக்கு 48 நிமிடம். அந்த 48 நிமிடத்துக்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம். "ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகம் வாசிக்கத் தெரியவில்லை" என்று வருடா வருடம் செய்தி வரும்போது நான் முதலில் இந்த 48 நிமிடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், அட்டவணையை அமைத்தவர்கள் தலையை எண்ணியதற்குப் பதிலாக வகுப்பை எண்ணியிருக்க வேண்டும்.

ஆறு முதல் எட்டு வரை கொஞ்சம் பரவாயில்லை. அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும், 35 பிள்ளைக்கு ஒருவர் வீதம் இருக்க வேண்டும், அறிவியலும் கணக்கும் எடுக்க, சமூக அறிவியல் எடுக்க, மொழிப் பாடம் எடுக்க என்று தனித்தனி ஆள் வேண்டும். 100 பிள்ளைக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமை ஆசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது இந்தக் கணக்கில்தான். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் பணி நிரந்தரம் கேட்டுப் பல வருடமாக அவர்கள் தெருவில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். பிள்ளைக்கு உரிமை என்று சட்டம் எழுதிக் கொடுத்ததை அரைச் சம்பளத்து ஆளை வைத்து நிறைவேற்றினால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்?

காலியிடம் பற்றி 26-ஆம் பிரிவு ஒரு முக்கியமான வரி சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது. மாவட்டக் கணக்கு, மாநிலக் கணக்கு என்று எடுத்தால் பல சமயம் இது சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தப் பிரிவு பள்ளியைத்தான் பேசுகிறது. இரண்டே பணியிடம் உள்ள பள்ளியில் ஒன்று காலி என்றால் அது ஐம்பது சதவீதம். அப்படியென்றால் ஈராசிரியர் பள்ளியில் ஒரு காலியிடம்கூட இருக்க முடியாது என்றுதான் அர்த்தம். குழுக் கூட்டத்தில் இந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். அன்றைக்குப் பட்டியலில் ஒரு பிள்ளை குறைந்தாலும் மேலே சொன்ன படிக்கட்டில் ஒரு படி இறங்கி, ஓர் ஆசிரியர் "உபரி" ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடலாம். 61 பிள்ளைக்கு மூன்று பேர், 60 பிள்ளைக்கு இரண்டே பேர். அதனால் சேர்க்கை விஷயத்தை ஜூன் மாதமே பாருங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பத்தோடு வந்திருப்பவர்களின் பிள்ளைகள் சேராமல் இருந்தால் போய்ப் பேசுங்கள். அவர்களுக்கும் படிப்பு கிடைக்கும், பள்ளிக்கும் ஆசிரியர் நிற்பார்.

அப்புறம் 27-ஆம் பிரிவு. ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது, மூன்றைத் தவிர: பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் பணி. வேறு எந்த சர்வேயும் இதில் சேராது. 2027 கணக்கெடுப்புக்கு ஆசிரியர் போனால் அது சட்டப்படி சரி, ஆனால் ஏதோ ஒரு துறையின் வீடு வீடான கணக்குக்கு அனுப்பினால் சரியில்லை. தேர்தல் பணி என்றால் வாக்குப்பதிவு நாள் மட்டும் இல்லை, வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெயரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கும் ஆசிரியர்களைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். இதில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. பட்டியல் திருத்தத்தையும் தேர்தல் வேலையையும் விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நேரத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும், பாட நாளில் பாட நேரத்தில் ஆசிரியரைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. கேட்கிறவர் இருந்தால்தான் இந்தத் தீர்ப்பு உயிரோடு இருக்கும்.

இதோடு 25-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு பள்ளிக்கு நியமித்த ஆசிரியரை இன்னொரு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்க வைக்கக் கூடாது. நாம் "மாற்றுப் பணி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதைத்தான் சொல்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் டீச்சர் மகப்பேறு விடுப்பில் போனால் நம் பள்ளி டீச்சரை வாரத்தில் மூன்று நாள் அங்கே அனுப்புவார்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, புரிகிறது. ஆனால் ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்தில் ஓட்டை போடுவதைச் சட்டம் ஏற்கவில்லை.

ஆசிரியர் பக்கத்துக் கடமைகளும் இதே சட்டத்தில்தான் இருக்கின்றன. நேரத்துக்கு வர வேண்டும், பாடத்தைக் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும், பின்தங்கும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும், தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. தயாரிப்பு நேரமும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேர வேலை. இதையெல்லாம் நாம் தயங்காமல் கேட்கலாம். பாதி நாள் வெளியே அனுப்பிவிட்டு இதைக் கேட்பதுதான் நியாயம் இல்லை.

பள்ளிக்கு வெளியே இருக்கிற காரணங்களும் உண்டு, மறைக்க முடியாது. பசியோடு வந்த பிள்ளைக்கு முதல் பீரியட் தலையில் ஏறாது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, ஒன்பது மணிக்குள் வந்துவிடும் பிள்ளைகள் அதிகமாகியிருப்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன். உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைக்கு, அங்கே ஒரு டீச்சர் காத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது வழிமுறை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அரசுப் பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் இந்தக் குழுதான். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். மாணவர் எத்தனை, பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, யார் மாற்றுப் பணியில் என்று நான்கு கேள்வி கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இதே கேள்விகளை அனுப்பலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தீர்மான நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம், ஆனால் எழுத்தில் கொடுத்ததுதான் பிறகு பேசும். 32-ஆம் பிரிவுப்படி உரிமை மீறல் புகாரை எழுத்தில் பெற்ற உள்ளூர் அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பெறுகைச் சீட்டை வாங்கி, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதும்போது ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை எழுதிய மனுவில் ஆசிரியர் பெயரைப் போட்டு "அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை" என்று எழுதிவிட்டோம். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது அந்த டீச்சருக்குத்தான். அவரை வெளியே அனுப்பிய உத்தரவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த டீச்சர் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பெயர் எழுதுவதில்லை. "இரண்டு இடைநிலை ஆசிரியர் பணியிடத்தில் ஒன்று இத்தனை நாளாக மாற்றுப் பணியில் உள்ளது, பிரிவு 25(2)-க்கு முரணானது, திரும்ப அனுப்ப வேண்டுகிறோம்" என்று பணியிடத்தை மட்டும் எழுதுகிறோம். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.