புரோலிட்டேரியட்: பாட்டாளி என்ற பொருளுக்கு முன்னால்

இடதுசாரி எழுத்துகளைப் படிப்பவர்களுக்குப் பழகிய சொல் புரோலிட்டேரியட். தமிழில் பாட்டாளி வர்க்கம் என்கிறோம். நிலமோ ஆலையோ சொந்தமாக இல்லாமல் உழைப்புச் சக்தியை விற்றே பிழைப்பவர்கள் என்ற பொருள், மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை வழியாக உலகெங்கும் பரவியது. பாடு என்றால் உழைப்பு, துன்பம் இரண்டும்தான். பாடுபடுகிறவர் பாட்டாளி. இந்தப் பொருளுக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை.

ஆனால் மூலச்சொல்லில் உழைப்பே கிடையாது. லத்தீனில் 'புரோலெஸ்' என்றால் பிள்ளைகள், சந்ததி. அதிலிருந்து வந்தது 'புரோலெட்டாரியுஸ்'. பண்டைய ரோமில் சொத்தைக் கணக்கெடுத்துக் குடிமக்களை வகுப்புகளாகப் பிரித்தார்கள். செர்வியுஸ் துல்லியுஸ் என்ற மன்னர் தொடங்கிய ஏற்பாடு என்பது மரபு. 'ஆஸ்' என்ற செப்புக் காசில் 1,500க்கு மேல் சொத்து இல்லாதவர்கள் புரோலெட்டாரியுஸ். நாடு அவர்களிடம் எதிர்பார்ப்பது பிள்ளைகளைத்தான் என்பதால் அந்தப் பெயர் என்று ரோம அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசெரோ விளக்குகிறார். மொத்தம் 193 வாக்குக் குழுக்கள். அதில் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். மேல்வகுப்புகளின் வாக்கிலேயே முடிவு தெரிந்துவிட்டால் இவர்களைக் கூப்பிடவே மாட்டார்கள்.

ஏழை எப்படியும் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருப்பான் என்ற நினைப்பு இந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. "சோத்துக்கே வழியில்லை, இத்தனை பிள்ளையா?" என்று இன்றும் கேட்கிறவர்களிடம் இருப்பதும் அதுதான். ரோமின் வரலாறே இதை மறுக்கிறது. பணக்காரர்கள் பொதுநிலங்களை வளைத்துப் போட்டு, சிறு விவசாயிகளை விரட்டினார்கள். அப்போது ஏழைகள் படைக்குப் போக மனமில்லாமல் போனதோடு, பிள்ளை வளர்ப்பதிலும் அக்கறை இழந்தார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 133இல் திபேரியுஸ் கிராக்குஸ் என்ற மக்கள் பிரதிநிதி, பொதுநிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துத் தரும் நிலச்சட்டம் கொண்டுவந்தது இந்தப் பின்னணியில்தான்.

மேல்தட்டிலோ வேறு கணக்கு. பிள்ளையில்லாத செல்வரைச் சொத்துக்காகச் சுற்றிவந்து உபசரிக்க ஒரு கூட்டமே இருந்தது. கி.மு. 18இலும் கி.பி. 9இலும் ரோமின் முதல் பேரரசர் அகஸ்துஸ் சட்டம் போட்டு, மணமாகாதவர்கள் பிறர் உயிலால் சொத்துப் பெறுவதைத் தடுத்தார்; மூன்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சலுகை தந்தார். இரண்டாம் சட்டத்துக்குப் பெயர் தந்த இரு கான்சல்களுக்குமே (ரோமின் உயர் ஆட்சியாளர்கள்) கல்யாணம் ஆகவில்லை! அப்புறம் அந்தச் சலுகை பேரரசருக்கு வேண்டியவர்களுக்குக் கிடைக்கும் பரிசாகிப்போனது. பிள்ளையே இல்லாத எழுத்தாளர் இளைய பிளினிக்குப் பேரரசர் டிராஜன் அதை வழங்கினார்.

ஏழைகளுக்கும் டிராஜன் காலத்தில் உதவி கிடைத்தது. இத்தாலியின் வெலேயா ஊரில் முறையான திருமணத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கு மாதம் 16 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்), பெண் குழந்தைக்கு 12 என்று வெண்கலப் பட்டயமே இருக்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? மார்க்சியப் பொருளில் பாட்டாளி வர்க்கம். ரோம வரலாற்றில் அது பொருந்தாது. அங்கே 'மகவுடைக் குடிகள்' என்று எழுதி, பிள்ளைகளைத் தவிர வேறு உடைமை இல்லாதவர்கள் என்று முதல் இடத்தில் விளக்கிவிடலாம்.